உடைந்த தொங்கட்டானும் பழுப்பேறிய வெள்ளையும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பன்னிரண்டு நிறங்கள் கொண்ட பாலிமர் கிளே பெட்டி ஒன்றை வாங்கித் தொங்கட்டான்கள் செய்தீர்கள். பார்க்க அழகாகவே வந்தன. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று ஜோடி, வளையம் மாட்டிய இடத்தில் ஒடிந்துவிட்டன. வெள்ளையில் செய்தவை ஓவனிலிருந்து பழுப்பு நிறத்தில் வெளியே வந்தன. விலை கூடிய கிளேக்கு மாறுவதா, வார்னிஷ் பூசினால் உறுதி கூடுமா, பண்டிகைக்குத் தொங்கவிடும் நட்சத்திரங்களையும் உருண்டைகளையும் இதிலேயே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

கிளேயை மாற்ற அவசரப்படாதீர்கள். வார்னிஷ் பளபளப்புத் தரும், உறுதி தராது. ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். அலங்காரங்களைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வெப்பமானி வந்த பிறகு.

ஏன் என்று சொல்கிறேன். ஒடிவது சரியாக வேகாததன் அடையாளம். பழுப்பேறுவது அளவுக்கு மீறிச் சூடானதன் அடையாளம். இரண்டும் ஒரே தட்டில் நடந்திருக்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்குக் கிடைத்த துப்பு. சிறிய மேசை ஓவன்களில் சூடேற்றும் கம்பிகள் பொருளுக்கு மிக அருகில் இருக்கின்றன. கம்பி எரியும்போது சூடு நீங்கள் வைத்த அளவைத் தாண்டி எகிறும். அணைந்ததும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். குமிழில் 130 டிகிரி என்று வைத்ததால் உள்ளே 130 இருக்கிறது என்று அர்த்தமில்லை. எகிறும் நேரத்தில் மேல்தோல் கருகுகிறது, இறங்கும் நேரத்தில் உட்பகுதி வேகாமல் கிடக்கிறது. மேலே தீய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் பண்டத்தைப் பார்த்தால் அடுப்பைத்தானே குறை சொல்வோம்? இதுவும் அதேதான்.

இந்தப் பொருள் பெயரில்தான் களிமண். அடிப்படையில் இது பிளாஸ்டிக். நுண்ணிய பிவிசி துகள்கள், அவற்றை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டித் திரவம், நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொருள் ஆகியவற்றின் கலவை. மண்பாண்டம்போல் நீர் வற்றி இறுகுவதில்லை; அதனால்தான் மேசையில் நாள்கணக்கில் கிடந்தாலும் காய்வதில்லை. சூடு பட்டதும் துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி உப்புகின்றன, பிறகு ஒன்றோடொன்று உருகி இணைகின்றன. அந்த இணைப்பு முழுமையாக நடக்கக் குறிப்பிட்ட சூடு, குறிப்பிட்ட நேரம் நீடிக்க வேண்டும். பாதியில் நின்றால் துகள்கள் சரியாக இணையாமல் வெறுமனே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். விரலால் தொட்டால் கெட்டியாகவே இருக்கும், அதுதான் ஏமாற்று வேலை. இழுவிசை வரும் இடத்தில், அதாவது வளையம் தொங்கும் துளைக்குப் பக்கத்தில், அரைவேக்காடு வெளிப்பட்டுவிடும்.

இடையில் ஒரு சிறு கதை. ஃபிமோ என்ற பாலிமர் கிளேயின் பெயர் ஒரு செல்லப்பெயரிலிருந்து வந்தது. ஜெர்மனியில் பொம்மை செய்வதில் புகழ்பெற்ற கேத்தே க்ரூஸின் மகள் சோஃபியை வீட்டில் ஃபிஃபி என்று அழைத்தார்கள். பொம்மைத் தொழிலுக்கு ஒத்துவராத ஒரு பிளாஸ்டிக் கலவையை அவர்தான் மொசைக் வேலைக்கு ஏற்றதாக்கி, ஃபிஃபி மொசைக் என்று விற்றார். 1964இல் அந்தக் கலவை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்தின் கைக்குப் போனது. இரண்டு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ஃபிமோ ஆயின. அமெரிக்காவில் பிறந்த ஸ்கல்ப்பி என்ற கிளேயின் கதை இன்னும் வேடிக்கை. மின்மாற்றிகளின் உட்பகுதியிலிருந்து வெப்பத்தைக் கடத்துவதற்காக உருவாக்கிய பொருள் அது. அந்த வேலைக்கு உதவாமல் போய், கைவினைக்கு வந்து சேர்ந்தது. இன்று நம் காதில் தொங்குவது இரண்டு தோல்விகளின் வாரிசு.

சூட்டுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு நிறுவனத்தின் கலவைக்கும் அளவு வேறு. ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். பிரீமோவுக்கு 130 டிகிரி. ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 30 நிமிடம். செர்னிட்டுக்கு 110 முதல் 130 வரை. கேட்டோ பாலிகிளே மட்டும் 150 வரை கேட்கும். உங்கள் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதே உங்களுக்கு விதி. வேறொருவர் தன் கிளேக்குச் சொன்ன அளவை நம்ப வேண்டாம். ஆனால் பொட்டலம் சொல்லும் நேரத்தைக் குறைந்தபட்ச நேரமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். சரியான சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தாலும் பொருள் கெடுவதில்லை, உறுதிதான் கூடும். நேரத்தைக் கூட்டலாம், நேரத்தை மிச்சம் பிடிக்கச் சூட்டைக் கூட்டவே கூடாது. பிவிசி அளவு மீறிச் சூடானால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும்; மூக்கையும் கண்ணையும் எரிக்கும் வாயு அது. கருகும் நெடி வந்தால் ஓவனை அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். மைக்ரோவேவில் இதை வைக்கும் எண்ணமே வேண்டாம்.

நான் சுடும் முறை இது. வழவழப்பான தடித்த டைல் ஒன்றின் மேல் வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் பொருள்களை அடுக்குவேன். தாள் இல்லாமல் நேராக டைலில் வைத்தால் அடிப்பக்கத்தில் திட்டுத்திட்டாகப் பளபளப்பு விழும். ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடுவேன். கம்பியின் நேரடி அனல் படாமல் காப்பது இந்த மூடிதான், உங்கள் வெள்ளைக்கு இதுதான் மருந்து. வெப்பமானி பொருள் இருக்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஓவனை முன்கூட்டியே 15, 20 நிமிடம் ஓடவிட்டு, முள் ஓரிடத்தில் நிலைகொண்ட பிறகுதான் தட்டை உள்ளே வைப்பேன். டைலுக்கு இன்னொரு பயனும் உண்டு: அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும்.

வெளியே எடுத்ததும் வளைத்துப் பார்க்காதீர்கள். சூடாக இருக்கும்போது நன்றாக வெந்த பொருளும் துவளும், எளிதில் கிழியும். ஆறிய பிறகே சோதனை. அதற்கு ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் தடிமனில், விரல் நீளத்துக்கு ஒரு பட்டையையும் சேர்த்துச் சுடுங்கள். ஆறியதும் அதை வளையுங்கள். உறுதிக்குப் பெயர்பெற்ற கிளேயாக இருந்தால் பாதி வட்டம் வரை வளைந்து, விட்டதும் நிமிர வேண்டும். பட்டென்று முறிந்தால் தட்டில் இருக்கும் எல்லாமே வேகவில்லை என்று பொருள்.

வேகவில்லையென்றால் வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பாலிமர் கிளேயின் பெரிய கொடை இது: எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சுடலாம். உங்கள் வீட்டில் ஒடியாமல் மிச்சமிருக்கும் ஜோடிகளின் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, சரியான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். ஒடிந்த மூன்று ஜோடிகளையும் எறியாதீர்கள். திரவ கிளே என்று தனியாக விற்கிறது. ஒடிந்த முகங்களில் அதை மெல்லியதாகத் தடவிப் பொருத்தி, பின்பக்கம் ஒரு மெல்லிய கிளேத் தகட்டைத் தாங்கலாகக் கொடுத்துச் சுட்டால் மறுபடி காதில் ஏறும். பழுப்பேறிய வெள்ளைக்கு மட்டும் மீட்சி இல்லை. மேலே நிறம் தீட்டலாம், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒடிந்தால் மட்டும் கிளேயைச் சந்தேகியுங்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் வெண்ணெய்போல் குழையும், குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்த மிக மென்மையான வகைகள் சில, சரியாக வெந்தாலும் மெல்லிய பாகங்களில் முறியும். அவை தடித்த உருவங்களுக்குச் சரி. தொங்கட்டானுக்கு பிரீமோ, செர்னிட், ஃபிமோ புரொஃபெஷனல், கேட்டோ போன்றவை ஏற்றவை. பிசையக் கை வலிக்கும். அந்த வலிக்குப் பலன் உண்டு.

பிசைவதைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். கட்டியாக வெட்டியதை அப்படியே உருட்டித் தேய்த்துவிடுகிறார்கள். தகடாகத் தேய்த்து மடித்தால் மடிப்பில் விரிசல் காணக் கூடாது. அதுவரை பிசைய வேண்டும். கிளேயைத் தகடாகத் தேய்த்துத் தரும் பாஸ்தா மெஷின் இருந்தால் வேலை சுலபம், ஆனால் மடித்த விளிம்பு முதலில் உள்ளே போகும்படி விடுங்கள். திறந்த பக்கம் முதலில் போனால் மடிப்புக்குள் காற்று சிறைப்பட்டு, ஓவனில் கொப்புளமாக எழும். கிளே உலர்ந்து உதிர்ந்தால் ஒன்றிரண்டு சொட்டு திரவ கிளே சேருங்கள். கையில் ஒட்டிக்கொண்டு இளகினால், வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றிவிடுங்கள். மிகையான நெகிழ்வூட்டியைத் தாள் குடித்துவிடும்.

நிறத்துக்கு வருகிறேன். உண்மையில் நான் இதற்குள் வந்ததே நிறத்துக்காகத்தான். பன்னிரண்டு நிறப் பெட்டியில் உள்ளதை உள்ளபடி எடுத்துச் செய்தால் எல்லாருடைய நகையும் ஒரே பெட்டியிலிருந்து வந்ததாகத் தெரியும், ஏனென்றால் அப்படித்தான் வந்தது. வெள்ளை, கறுப்பு, எலுமிச்சை மஞ்சள், மெஜந்தா சாயலுள்ள சிவப்பு, தெளிந்த நீலம் ஆகிய ஐந்து போதும். நீங்கள் விரும்பும் நிறங்களில் பெரும்பாலானவற்றை இவற்றிலேயே வரவழைக்கலாம். ஒரே தடிமனில் தகடு தேய்த்து, ஒரே சிறு அச்சால் வெட்டி எடுத்த வில்லைகளை எண்ணிக் கலந்தால் தராசு தேவையில்லை. எட்டு வில்லை மஞ்சளோடு ஒரு வில்லை நீலம் சேர்த்தால் தளிர்ப் பச்சை வரும். சமமாகச் சேர்த்தால் நீலம் மஞ்சளை விழுங்கிவிடும். மஞ்சள் சாது, நீலமும் கறுப்பும் சண்டைக்காரர்கள். அவற்றை மிளகளவு சேர்த்து, பார்த்து, பிறகு மறுபடி மிளகளவு சேருங்கள்.

கண்ணைக் குத்தும் நிறத்தை அடக்கக் கறுப்பைத் தொடாதீர்கள், நிறம் செத்துவிடும். அதன் எதிர்நிறத்தில் ஒரு துணுக்கு போதும்: பச்சைக்குச் சிவப்பு, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா. வெந்த பிறகு பல நிறங்கள் ஒரு படி அடர்ந்துவிடும் என்பதால், வேகாத கிளேயைப் பார்த்து முடிவெடுக்காமல் ஒவ்வொரு கலவையிலும் ஒரு வில்லையைச் சுட்டு, பின்பக்கம் அளவைக் கீறி, கம்பியில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படியொரு கொத்து இருக்கிறது; நான் செய்த எந்த நகையையும்விட அது எனக்கு அருமை. ஒளிரும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெயிலில் வெளிறும், ஜன்னலோர அலங்காரத்துக்கு அவை வேண்டாம்.

சுத்தம் பற்றி ஒரு வரி. வெள்ளையில் முதலில் வேலை செய்யுங்கள், கறுப்பிலும் சிவப்பிலும் கடைசியாக. நிறம் மாறும்போதெல்லாம் ஈரத் துடைப்பானால் கையைத் துடையுங்கள். கம்பளியாடை அணிந்துகொண்டு வெள்ளை கிளேயில் கை வைத்தால் எங்கிருந்தோ வரும் நூல்துகள்கள் எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். ஒட்டிய துகளை, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும்.

ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜூடித் ஸ்கின்னர் என்பவரின் பெயரால் அதை ஸ்கின்னர் பிளெண்ட் என்கிறார்கள். ஒரு செவ்வகத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் இரண்டு செங்கோண முக்கோணங்கள், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சாய்வுப் பக்கங்கள் சேரும்படி வைத்து மீண்டும் செவ்வகமாக்குங்கள். கீழ் விளிம்பைத் தூக்கி மேல் விளிம்போடு மடித்து, மடிப்பு முதலில் போகும்படி மெஷினில் விடுங்கள். மறுபடி அதே திசையில் மடிப்பு, மறுபடி மெஷின். இருபது இருபத்தைந்து முறை. பத்தாவது முறையில் கோடுகோடாக அசிங்கமாக இருக்கும், அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரே ஒரு முறை தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி மடித்துவிடுகிறார்கள். அத்தோடு கதை முடிந்தது, முழுத் தகடும் ஒரே ஆரஞ்சாகிவிடும்.

இந்தக் கரைநிறத் தகட்டைச் சுருட்டினால் பூவிதழுக்கான உருளை கிடைக்கும். நீளவாக்கில் ஒரே படம் ஓடுகிற இத்தகைய உருளையைக் கேன் என்பார்கள். இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடிக் கலைஞர்களின் மில்லெஃபியோரி வேலையிலிருந்து வந்த முறை இது. இத்தாலியச் சொல்லுக்கு ஆயிரம் பூக்கள் என்று பொருள். உருளையின் நடுவிலிருந்து அழுத்தி, திருப்பித் திருப்பி, மெல்ல நீட்டி மெலிதாக்கினால் உள்ளே இருக்கும் பூவும் உருக்குலையாமல் சிறிதாகும். எல்லா நிறங்களும் ஒரே இளக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மென்மையான நிறம் இரு முனைகளிலும் பிதுங்கி வெளியேறிவிடும். முனைகளில் கொஞ்சம் வீணாகும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நீட்டிய உடனே வெட்டினால் பூ நசுங்கும். சில மணி நேரம் ஆறவிட்டு, அல்லது குளிர்பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கூரான பிளேடால் ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் சுற்றுத் திருப்பி வெட்டுங்கள்.

தொங்கட்டானுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். அதற்கு மேல் போனால் காது கனக்கும், மெலிந்தால் வளையம் மாட்டும் இடம் கிழியும். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் துளை விளிம்பை முத்தமிட்டுக்கொண்டு இருக்கிறது, ஒடிந்ததில் அதற்கும் பங்குண்டு. துளையைச் சுட்ட பிறகு கைத்துளைப்பானால் போடுவதையே நான் விரும்புகிறேன், சுடும் முன் குத்தும்போது வடிவம் கோணும். பாசிமணிகளுக்கு நேர்மாறு: சுடும் முன்பே ஊசியைத் திருகித் திருகி இறக்குங்கள். மறுபக்கம் முனை தெரிந்ததும் நிறுத்தி, ஊசியை உருவி, அந்தப் பக்கத்திலிருந்து குத்துங்கள். துளையின் வாய் பிய்யாது. மணிகளைச் சுடும்போது விசிறிபோல் மடித்த தாளின் பள்ளங்களில் வைத்தால் உருளாது, தட்டையாகாது.

இணைப்பு வளையத்தைத் திறக்கும்போது இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகித் திறக்க வேண்டும். அகட்டித் திறந்தால் வட்டம் கெட்டு வாய் சரியாக மூடாது. காதோடு ஒட்டும் தோடுகளில் பின்கம்பியைச் சூப்பர் குளூவால் மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். அந்தப் பசை நொறுங்கும் தன்மையுள்ளது, ஒரு முறை கீழே விழுந்தால் பெயர்ந்துவிடும். கம்பியின் தகட்டைத் திரவ கிளேயால் பதித்து, அதன் மேல் மெல்லிய கிளே வில்லையைப் போர்த்தி மறுபடி சுட்டால், கம்பி தோட்டின் உடம்போடு ஒன்றாகிவிடும். நிக்கல் ஒவ்வாதவர்கள் பலர் இருக்கிறார்கள். டைட்டானியம் கம்பிகளை வாங்குங்கள்.

பண்டிகை அலங்காரங்களுக்கு இதே விதிகள்தான், அளவு மட்டும் பெரியது. தட்டையான நட்சத்திரம், இலை, பறவை ஆகியவற்றுக்கு 3, 4 மில்லிமீட்டர் தகடு. டைல் மேல் விரித்த தாளிலேயே தேய்த்து, அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள மிச்சத்தை உரித்தெடுங்கள். வடிவத்தைத் தூக்கி இடம் மாற்றினால் நீண்டுவிடும். வெட்டுவதற்கு முன் தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அச்சை அழுத்தினால் விளிம்பு தானாகவே மழுங்கி உருண்டு வரும். தொங்கவிடும் துளைக்கு ஒரு ஸ்ட்ரா போதும். சுட்டு எடுத்த சூட்டோடு இன்னொரு டைலை மேலே ஏற்றி ஆறவிட்டால் வளைவு நெளிவு இல்லாமல் நிற்கும். இலைகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அவற்றை ஒரு கண்ணாடிக் குடுவையின் வளைவில் சாய்த்து வைத்துச் சுட்டால் காற்றில் சுருண்டதுபோல் உயிரோடு இருக்கும்.

கண்ணாடி உருண்டையின் மேல் கிளே போர்த்துவது பார்ப்பதற்குக் கடினம், செய்வதற்கு எளிது. உலோக மூடியைக் கழற்றிவிடுங்கள். உருண்டைமேல் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி முழுவதும் உலரவிடுங்கள். வழுக்கும் கண்ணாடியில் கிளேக்குப் பிடி கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் பூ வில்லைகளை அடியிலிருந்து மேலாகப் பக்கம் பக்கமாக ஒட்டி, இடுக்குகள் மறையும்வரை உள்ளங்கையில் மெல்ல உருட்டுங்கள். கொப்புளம் தெரிந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். கழுத்துத் துளையை ஒருபோதும் மூடாதீர்கள், உள்ளே சூடாகும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். கண்ணாடியைப் பொறுத்தவரை மட்டும் நான் முன்னால் சொன்ன விதியை மீற வேண்டும்: ஓவன் குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து மெல்லச் சூடேற்றுங்கள், அணைத்த பிறகு உள்ளேயே ஆறவிடுங்கள். திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் கண்ணாடிக்கு ஆகாது.

பிளாஸ்டிக் உருண்டைகளையும் தெர்மகோலையும் ஓவனுக்குக் காட்டவே கூடாது. என் தொடக்க நாள்களில் தெர்மகோல் உருண்டை ஒன்றைக் கிளேயால் மூடிச் சுட்டேன். அரை மணி நேரத்தில் உள்ளே இருந்தது சுருங்கிக் கொட்டைப் பாக்களவு ஆகியிருந்தது, மேலே இருந்தது வற்றிப்போன பழம்போல் குழிந்திருந்தது. உள்ளே நிரப்ப வேண்டுமென்றால் அலுமினியத் தாளை இறுக்கிக் கசக்கி உருட்டுங்கள். எடை குறையும், கிளே மிச்சமாகும், உள்ளிருந்தும் சூடு பரவும். காகிதக் கூழ் உருவங்களும் 130 டிகிரியைத் தாங்கும். மரத்தை முதலில் தனியாக அரை மணி நேரம் ஓவனில் வைத்து ஈரத்தை விரட்டிவிட்டுப் பிறகு கிளே போர்த்துங்கள், இல்லையென்றால் ஆவி எழுந்து கிளேயைத் தூக்கிவிடும்.

விளக்கு வேலைகளில் ஒரு எச்சரிக்கை. சுடருக்கு அருகே நிற்கும் எதையும் இதில் செய்யாதீர்கள். மெழுகுவத்தித் தாங்கி, அகல் எதுவும் வேண்டாம். வெந்த பிறகும் இது பிவிசிதான். எல்இடி சரத்துக்கு இலைகள், கண்ணாடிக் குடுவைக்கு வெளிச்சட்டை என்று செய்து உள்ளே மின்விளக்கு வைப்பது பாதுகாப்பானது. உணவு படும் பாத்திரங்களுக்கும் இது ஆகாது. கிளேக்கு ஒதுக்கிய கத்தி, அச்சு, உருளைக்கட்டை ஆகியவை சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

வீடு முழுக்கத் தோரணம் கட்டும் அளவுக்கு நூறு துண்டுகள் வேண்டுமென்றால், நூறையும் பாலிமர் கிளேயில் செய்வது எனக்கு உடன்பாடில்லை. சரம் கனக்கும், செலவும் அதிகம். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்று பிசைந்த உப்பு மாவில் எளிய வடிவங்களை வெட்டி, 120 டிகிரியைத் தாண்டாத சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். நடுவே பத்துக்கு ஒன்றாகப் பாலிமர் கிளேப் பூக்களைக் கோத்தால் கண் அவற்றைத்தான் பார்க்கும். உப்பு மாவு ஈரக்காற்றை உறிஞ்சி நமத்துவிடும், வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தாலும் பல ஆண்டுகள் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து செய்ய அதைவிட நல்லது இல்லை.

மெருகு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழவழப்பு வார்னிஷிலிருந்து வருவதைவிட உப்புத்தாளிலிருந்து வருவதே அழகு. தண்ணீரில் நனையும் வகை உப்புத்தாளில் 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள், பொறுமை இருந்தால் 2000 வரை போகலாம். தண்ணீருக்குள்ளேயே தேயுங்கள், தூள் பறக்காது. பிறகு ஜீன்ஸ் துணியால் அழுத்தித் துடைத்தால் கூழாங்கல்லின் மினுமினுப்பு வரும். பொன்தூளோ வண்ணப்பொடியோ தூவியிருந்தால் மட்டும் அது உதிராமலிருக்க வார்னிஷ் தேவை. நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷைத் தேர்ந்தெடுங்கள். நகப்பூச்சு வேண்டாம். அதன் கரைப்பான் கிளேயோடு வினைபுரிந்து நாளடைவில் பிசுபிசுக்கும். ஸ்ப்ரே வார்னிஷ்கள் பலவற்றிலும் இதே தொல்லை உண்டு. கண்ணாடிபோன்ற மேல்பூச்சுக்கு புற ஊதா ஒளியில் உறையும் யுவி ரெசின் ஊற்றுகிறவர்கள் கையுறை அணிய வேண்டும். அது உறையும் முன் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு.

காந்தம் ஒட்டும் எண்ணமிருந்தால், சுட்டு முடித்த பிறகு எபாக்சி பசையால் ஒட்டுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஓவனிலிருந்து வெளிவரும்போது பிடிப்பு குறைந்தே இருக்கும்.

மிச்சமிருக்கும் சுடாத கிளேயை மெழுகுத்தாளில் சுற்றி, 5 என்ற எண் பொறித்த பாலிபுரோப்பைலீன் டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். 6 என்று பொறித்த பாலிஸ்டைரீன் பெட்டியில் வைத்தால் நெகிழ்வூட்டி பெட்டியையே அரித்து ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் பூசிய மேசையையும் அது விட்டுவைக்காது, கண்ணாடி அல்லது டைல் மேல் மட்டுமே வேலை செய்யுங்கள். பண்டிகை முடிந்ததும் அலங்காரங்களை ஒன்றோடொன்று உரசாமல் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி வையுங்கள். மெல்லிய இலைகள் பெட்டியின் அடியில் போகாமல் மேலே இருக்கட்டும்.